நாற்பது நிமிடம் யாரும் தொடாத கணினி

முகவரிப் புத்தக மென்பொருள் ஒன்றில் பட்டியலை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பொத்தான் சேர்ப்பது இரண்டு நாள் வேலை. சைகோனில் இருந்தபோது நானும் அதை இரண்டே நாளில்தான் முடித்தேன். அதன்பின் ஆறு வாரம், ஒரு பெண்மணி திருடுகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள், நான் செய்த நல்ல வேலைகளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒழுங்காக ஓடும் மென்பொருளைப் பற்றி யாரும் போன் செய்வதில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

நான் கணினிக்கு வந்தது பத்திரிகையிலிருந்து. மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் எட்டு வருடம் இருந்தேன். பக்கங்களைக் கணினியில் கட்டத் தொடங்கியபோது அந்த இயந்திரத்தின் பக்கம் சாய்ந்தவன், பிறகு மேசைக்குத் திரும்பவில்லை. சைகோனுக்குப் போனது முப்பத்திரண்டு வயதில். டயல்-அப் காலம், இணையத்துக்குள் போவதற்கு மோடம் அரை நிமிடம் அழும்.

எங்கள் அலுவலகம் மூன்றாம் மாவட்டத்தில் ஒரு சந்துக்குள், காப்பிக் கடைக்கு மேலே இருந்தது. ஏழு பேர். முதலாளி பெயர் அந்துவான். அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியப் பெண். போர் முடிந்து சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறியபோது கல்லூரிப் பையனாக இருந்தவர், குடும்பத்தோடு பாரிசுக்குப் போய், நாடு வெளியாருக்குக் கதவைத் திறந்த பிறகு திரும்பி வந்து இந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். ஊழியர்களுக்கு அவர் பிரெஞ்சு பாணியில் முசியே. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது எனக்கு அண்ணன். அவருடைய தமிழ் அவருடைய அப்பா கப்பலில் கொண்டுவந்த தமிழ், அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை.

நாங்கள் விற்றது ஒரே ஒரு பொருள்: சிறு நிறுவனங்களுக்கான முகவரிப் புத்தகம். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி, பிறந்த வருடம், அவரை அண்ணன் என்று கூப்பிடுவதா பெரியப்பா என்று கூப்பிடுவதா என்கிற குறிப்பு. அந்த ஊர் வியாபாரத்தில் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். முறை தவறிக் கூப்பிட்டால் ஆர்டர் போய்விடும்.

சைகோனுக்கு வடக்கே பின் யுவோங்கில் மர நாற்காலி, மேசை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் ஆலை எங்கள் வாடிக்கையாளர். அங்கே விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் லான். அவரிடமிருந்து ஒருநாள் ஃபேக்ஸ் வந்தது. “டெட் புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் அனுப்ப வேண்டும். போன வருடம் அறுநூறு உறைகளில் கையால் முகவரி எழுதினேன். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. பட்டியலை வெளியே எடுத்து லேபிளில் அச்சிட ஒரு வழி செய்து தாருங்கள்.”

நியாயமான கோரிக்கை. நான் ஃபேக்ஸை அந்துவானிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“மொத்தப் பட்டியலையும் வெளிய எடுக்கணும்ங்குறாளா?”

“லேபிள் அடிக்கத்தாண்ணே.”

“லேபிள் அடிக்க அறுநூறு பேரு போதும். பட்டியல்ல எத்தன பேரு?”

“ஆயிரத்து நூத்துச் சொச்சம்.”

“மிச்சம் ஐந்நூறு பேரு எதுக்காம்?” என்று கேட்டுவிட்டு ஃபேக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இதோ பாருங்க தம்பி. பேரும் விலாசமும் ஒரு எடத்துல சேந்து கெடந்தா, அது அடுப்புல வெச்ச எண்ணெ மாதிரி. கண்ண எடுக்கக் கூடாது. ஊரு கைமாறுன வருசம் எங்கப்பா என்னா பண்ணாரு தெரியுமா? விலாசம் எழுதி வெச்சிருந்த நோட்டை அடுப்புல போட்டாரு. ஒவ்வொரு பக்கத்தையும் கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சாரு. அப்புறம் பாரிசுல போயி எறங்குனா, எவன் எங்க இருக்கான்னே தெரியல. அதுக்காக, எரிச்சது தப்புன்னு அவரு கடைசிவரைக்கும் சொல்லல.”

இரண்டு நாள் கழித்து ஆலை அதிபரே போன் செய்தார். எங்கள் முதலாளியோடு அரை மணி நேரம் பேசினார். அந்த வருடம் அவருடைய இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் பக்கத்து ஆலைக்குப் போய்விட்டார்கள். யாரோ பட்டியலை வெளியே கொடுக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். இந்த நேரம் பார்த்து எக்ஸ்போர்ட் பொத்தான் கேட்டது யார் என்று விசாரித்தார். லான் என்று தெரிந்ததும், பொத்தானைத் தடுக்க வேண்டாம், கொடுங்கள் என்றார். ஆனால் யார், எப்போது, எத்தனை பெயரை வெளியே எடுக்கிறார்கள் என்பதை மென்பொருள் தனக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். அது அதிபருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரிய வேண்டும்.

நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பத்திரிகையை விட்டபின் புலன் விசாரணை என்று எதுவும் கையில் வந்ததில்லை. பட்டியலை ஒரு கோப்பாக வெளியே எழுதும் பகுதியை எடுத்து, அது ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி குறிக்கும்படி செய்தேன்: பெயர், தேதி, நேரம், எண்ணிக்கை. அந்த ரகசியப் பதிவைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். புதிய மென்பொருளை ஆலையில் இரண்டு கணினிகளில் ஏற்றினோம். ஒன்று லானுடையது. மற்றொன்று அதிபருடையது, மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது அவர் அதை அணைத்துவிட்டுத்தான் போவார்.

ஐந்து வாரம் கழித்து அதிபர் அந்தப் பதிவை வட்டில் போட்டு அனுப்பினார். அதிபரின் பெயரில் ஒரு வரியும் இல்லை. லானின் பெயரில் பன்னிரண்டு வரிகள் இருந்தன.

ஒன்று, மாலை மூன்று மணி சுமாருக்கு, அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர். காலண்டர் லேபிள். மீதிப் பதினொன்றும் முழுப் பட்டியல். நேரங்களைப் பார்த்தேன். 12:18, 12:23, 12:21, 12:25. எல்லாமே பன்னிரண்டே காலுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில்.

அந்த ஊரில் அது தூங்கும் நேரம். சாப்பிட்டதும் விளக்கை அணைத்து, மேசைக்கடியில் பாய் விரித்து, அலுவலகமே ஒரு மணிவரை படுத்துவிடும். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். நான் ஒருவன்தான் படுப்பதில்லை. நாளிதழில் இருந்தவனுக்கு மதியத் தூக்கம் வராது. அந்த நேரத்தில் உட்கார்ந்து மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருப்பேன். ஆக, எல்லோரும் தூங்கும்போது ஆலையில் ஒருத்தி விழித்திருந்து பட்டியலை எடுக்கிறாள்.

பிறகு தேதிகளைப் பார்த்தேன். எந்தெந்த நாளில் பட்டியலில் புதிய பெயர் ஏறியதோ, சரியாக அந்தந்த நாள் மதியம் பட்டியல் வெளியே போயிருந்தது. புதுப் பெயர் ஏறாத நாட்களில் போகவில்லை. நிமிடங்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்ததையும் கவனித்தேன். இயந்திரமென்றால் நொடி பிசகாது, இது மனிதக் கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு பக்க அறிக்கை எழுதினேன். நல்ல அறிக்கை, மேசையில் இருந்த காலத்தில் எழுதியிருந்தால் முதல் பக்கத்தில் வந்திருக்கும். மதுரையில் எங்கள் செய்தி ஆசிரியர், ஒருவர் சொன்னதை வைத்து யார் மீதும் குற்றம் எழுத விடமாட்டார். இரண்டு பேர் சொன்னார்கள் என்று போனால், “ஒரே கெணத்துல எறைச்ச ரெண்டு வாளியாடா?” என்பார். என் கையில் பதினொரு வாளி இருந்தன. எல்லாம் ஒரே கிணறு. அவருடைய ஞாபகம் எனக்கு அன்று வரவில்லை.

அறிக்கையைப் படித்த அதிபர் அந்துவானிடம் போனில் சொன்னது சுருக்கமாக இருந்தது. “அந்த இந்தியாக்காரத் தம்பியை அனுப்புங்க. பயிற்சி குடுக்க வந்தேன்னு சொல்லட்டும். மத்தியானம் கூடவே இருந்து கண்ணால பாக்கட்டும். ரெண்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பிடுறேன். பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் நானே போன் போட்டுச் சொல்லிடுவேன், இவளைச் சேக்காதீங்கன்னு.”

பின் யுவோங்கில் அப்படி ஒரு போன் சுற்று வந்தால் அதற்கப்புறம் ஒருவருக்கு அங்கே மேசை கிடையாது.

பேருந்தில் போய், கடைசித் தூரத்துக்கு வாடகை மோட்டார் சைக்கிள் பிடித்து, ஒன்பது மணிக்கு ஆலையில் இறங்கினேன். லானுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். குச்சி என்ற ஊரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். முழங்கைவரை கையுறை, முகத்தில் துணி முகமூடி. அதைக் கழற்றிக்கொண்டே, “எத்தனை வயசு?” என்று கேட்டார். அங்கே அதுதான் வணக்கம். சொன்னேன். “அப்ப நீ தம்பி. நான் அக்கா. உக்காரு” என்றார்.

ஆலை இரண்டு ரம்பமும் ஒரு தகரக் கொட்டகையுமாக இருந்த நாளிலிருந்து பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். முதல் வெளிநாட்டு வாடிக்கையாளரை விமான நிலையத்திலிருந்து தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தவர் அவர்தான். “அந்த ஆளு ஆறடி. வழியெல்லாம் என் தோளைப் புடிச்சுக்கிட்டு அவங்க ஊரு சாமிய கூப்பிட்டுக்கிட்டே வந்தான். ஆலைக்கு வந்ததும் காலு நடுங்குது. நாற்காலி குடுத்தோம். நல்ல நாற்காலின்னு ஆர்டர் குடுத்துட்டான்.”

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, இவ்வளவு பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் சிரிப்பும் ஒரு சான்றாகிவிடும்.

காலையில் பயிற்சி என்ற பெயரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக இரண்டு பெயர்களை ஏற்றினார். பதினொன்று நாற்பதுக்கு மணி அடித்தது. கையிலிருந்த சுட்டியை விட்டுவிட்டு எழுந்தார். மென்பொருளை மூடவில்லை. குருணை அரிசிச் சோறும் முட்டையும் வாங்கிக்கொடுத்தார். பணம் கொடுக்கப் போனேன். “தம்பி காசு குடுத்தா அக்காவுக்கு என்ன மரியாதை?” என்று கையைத் தட்டிவிட்டார்.

பன்னிரண்டு பத்துக்கு விளக்குகள் அணைந்தன. லான் கணினித் திரையை அணைத்தார்; கீழேயிருந்த பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பாய் வந்தது. அவருடைய மேசையிலிருந்து நாலு அடி தள்ளி விரித்துப் படுத்தேன். முழங்கையை நெற்றிமேல் போட்டு, அதன் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரை. காற்று அசையவில்லை. அறையில் ஐந்து பேர் படுத்திருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் ஒருவர் குறட்டை விடத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் லான் எழுந்தார்.

செருப்பில்லாமல் மேசைப் பக்கம் நடந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 12:17. இதோ என்று நினைத்தேன். மேசையைத் தாண்டி, மூலையில் ஓடிக்கொண்டிருந்த மேசை மின்விசிறியைத் தூக்கி என் பக்கம் திருப்பி வைத்தார். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். தன் பக்கம் காற்று வராததால், ஓர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். பிறகு அட்டையும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணிவரை அவர் அசையவில்லை. யாரும் அந்த மேசையை நெருங்கவில்லை. ஒரு முறை கணினிப் பெட்டியின் சிவப்பு விளக்கு சில நொடிகள் வேகமாகத் துடித்து அடங்கியது. அதை ஒரு விஷயமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்கு விளக்கு வந்தது. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் ரகசியப் பதிவைத் திறந்தேன். பன்னிரண்டு வரி இருந்த இடத்தில் பதின்மூன்று இருந்தன.

லான். 12:20. 1,142 பெயர்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனியுங்கள். அந்த வரியைப் பார்த்ததும் என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், அவர் குற்றமற்றவர் என்பது இல்லை. தான் தூங்கும்போது தானாக ஓடும்படி ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார், பலே ஆள் என்றுதான் நினைத்தேன். கண்ணால் பார்த்த பிறகும் என் புத்தி பதிவின் பக்கமே நின்றது. அந்தப் பதிவை எழுதியவன் நான் அல்லவா.

அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிக்கத்தான், எடுக்கப்பட்ட கோப்பு எங்கே போனது என்று தேடினேன். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி: பத்திரிகையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் கேள்விகள். யார், எப்போது, எத்தனை என்று மட்டும் குறிக்கச் சொல்லியிருந்தேன். எங்கே என்பதைக் கேட்கவே இல்லை. 12:20க்கு எழுதப்பட்ட கோப்புகளைத் தேடும்படி கணினிக்குச் சொன்னேன். ஒன்றே ஒன்று வந்தது. அது இருந்த கோப்புறையின் பெயர் MADURAI.

அந்த ஊரில் ஒரு கணினிக்குள் அந்தப் பெயரை வைக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

நாலு மாதத்துக்கு முன் மின்வெட்டில் அந்த ஆலையின் பட்டியல் பாதி அழிந்துபோயிருந்தது. அப்போது நானே ஒரு காப்பு ஏற்பாடு செய்து கொடுத்தேன். பட்டியல் மாறியிருந்து, நாற்பது நிமிடம் விசைப்பலகையையும் சுட்டியையும் யாரும் தொடாமல் இருந்தால், மென்பொருள் முழுப் பட்டியலுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். குமாஸ்தாக்கள் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று கோப்புறைக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்தேன். நகலை எழுத, பட்டியலை வெளியே எழுதும் அதே பகுதியைத்தான் பயன்படுத்தியிருந்தேன். பின்னால் ரகசியப் பதிவைச் செருகியதும் அதே பகுதிக்குள்தான்.

பதினொன்று நாற்பதுக்குச் சாப்பாட்டு மணி. நாற்பது நிமிடம் கழித்து 12:20. கடைசியாகச் சுட்டியைத் தொட்ட நேரத்தைப் பொறுத்து சில நிமிடம் முன்னே பின்னே. புதுப் பெயர் ஏறினால் மட்டும். அந்த அறையில் யாருமே விழித்திருக்கவில்லை என்பதற்குத்தான் அந்த வரிகள் சான்று. எங்கள் அலுவலகத்தில் அந்த நேரத்தில் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தவன் நான். என் கணினியில் அது ஒருநாளும் ஓடியதில்லை.

ஆலை வாசலில் இருந்த காவலர் அறைத் தொலைபேசியில் அந்துவானைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அவருகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லண்ணே. ரெண்டு மணிக்குத்தான் போகணும்.”

“சொல்லாதீங்க. அந்த ஆளோட மச்சான், தம்பின்னு மூணு ஆலைக்காரங்க நம்மகிட்ட வாங்குறதா இருக்காங்க. நம்ம மென்பொருளு பொய் சொல்லும்னு நாமளே போயிச் சொல்லுறதா? நான் என்னாங்குறேன், ‘சரியாத் தெரியல, இன்னும் ஒரு மாசம் பாப்போம்’னுட்டு வந்துருங்க. ஒரு மாசத்துல புதுசு ஏத்திப்புடலாம். அவளுக்கும் ஒண்ணும் ஆவாது.”

“ரெண்டு மணிக்கு அவங்களை வெளிய அனுப்புறேன்னுருக்காருண்ணே.”

“தெரியலன்னு சொன்னா அனுப்பமாட்டாரு.”

“தெரியும்ணே. எனக்கு நல்லாத் தெரியும்.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “மோன் தியூ,” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். பிறகு, “பண்ணுறதப் பண்ணுங்க. என் பேர இழுக்காதீங்க.”

சந்தேகத்தோடு இருக்கும் ஒருவரிடம் ‘தெரியவில்லை’ என்று சொன்னால் அது அவர் காதில் ‘ஆமாம்’ என்றுதான் விழும். இது எனக்கு அன்று தெரிந்திருந்தது. காரணம், ஆறு வாரமாக நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பாக அதிபர் அறைக்குப் போனேன். தடித்த, நிதானமான மனிதர். தேநீர் ஊற்றினார். “பாத்தியா?”

“பாத்தேன். அவங்க தூங்கினாங்க. மென்பொருள்தான் எடுத்துச்சு. தப்பு என்னோடது.”

காப்பு நகலைப் பற்றி விளக்கினேன். அவர் கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“மத்தியானச் சாப்பாடு யார் வாங்கிக் குடுத்தா?”

“அவங்கதான்.”

“நெனச்சேன்” என்றார்.

இதற்குமேல் வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. “உங்க கணினியிலயே காட்டுறேன். நாற்பது நிமிஷம் வேணும்” என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார்.

மென்பொருளை அவரையே திறக்கச் சொன்னேன். பட்டியலில் ஏதாவது ஒரு புதுப் பெயரை ஏற்றச் சொன்னேன். அவர் இரண்டு விரலால் தட்டித் தன் நாயின் பெயரை ஏற்றினார். பிறந்த வருடமும் போட்டார். “இனி யாரும் தொடக்கூடாது” என்றேன். இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. லான். “வெளிய உக்காரு” என்றார் அதிபர். கதவில் பாதி கண்ணாடி. வெளியே பெஞ்சில் லான் ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலண்டர் மாதிரிகளாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்கள் பேசாமல் ஒரு கணினித் திரையை முறைத்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

நாற்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்தது. மென்பொருளில் அந்த எண்ணை எழுத எனக்கு ஒரு நொடிதான் ஆகியிருக்கும். அதிபர் தேநீர் குடித்தார். ஓர் ஈ வந்து சுட்டியின் மேல் உட்கார்ந்தது. “அது தொட்டாக் கணக்கா?” என்று கேட்டார். சுட்டி அசைந்தால்தான் கணக்கு என்றேன். ஈ போகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்டியின் விளக்கு துடித்தது. ரகசியப் பதிவைத் திறந்து அவர் பக்கம் திரையைத் திருப்பினேன். அவருடைய கணினியில் அதுவரை காலியாக இருந்த பதிவில் ஒரே ஒரு வரி. அதிபரின் பெயர். 2:39. முழுப் பட்டியல், நாயோடு சேர்த்து.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப நானே என்கிட்டத் திருடிட்டேனா?”

“பதிவு அப்படித்தான் சொல்லுது.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார். “இது அவ இல்லை. சரி” என்றார். “ஆனா அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே. இதைச் சரி பண்ணிட்டு, பதிவை மட்டும் அப்படியே ஓட விடு.”

கதவைத் திறந்து லானை உள்ளே கூப்பிட்டார். காலண்டர் மாதிரிகளைப் பார்த்தார். சிவப்பு அட்டையைத் தேர்ந்தெடுத்தார். அவ்வளவுதான். அவருடைய அந்த இரண்டு வாடிக்கையாளர்களும் எப்படிப் போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சைகோன் திரும்பியதும் காப்பு நகலையும் எக்ஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பிரித்தேன். பதிவில் ‘எங்கே’ என்பதைச் சேர்த்தேன். இன்னொன்றும் செய்தேன். எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால், ‘இதைச் செய்பவரின் பெயரும் நேரமும் பதிவு செய்யப்படும்’ என்று திரையில் வரவேண்டும். அந்துவான் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“திருடனுக்குக் காவக்காரன் எங்க நிக்கிறான்னு சொல்லிக் குடுக்குறீங்களே தம்பி!”

“திருடாதவங்களுக்கும் தெரியணும்ல அண்ணே.”

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. அந்த மூன்று ஆலைக்காரர்களும் எங்களிடம் வாங்கவில்லை. திரையில் வரும் அந்த ஒரு வரிதான் காரணமா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதிபரிடம் மட்டும், ரகசியப் பதிவு வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அந்துவானே போனில் சொன்னார். சொல்லும்போது நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

புதிய மென்பொருள் ஆலைக்குப் போய் ஒரு வாரத்தில் லான் கூப்பிட்டார்.

“தம்பி, பொத்தானை அழுத்துனா ‘பதிவு செய்யப்படும்’னு ஒண்ணு வருதே.”

“ஆமாக்கா. எல்லாருக்கும் வரும்.”

“இதுக்கு முன்னாடியும் பதிவாச்சா?”

அதிபர் சொல்லக் கூடாது என்றிருந்தார். பக்கத்து மேசையில் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். “ஆச்சுக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு மத்தியானம் நீ தூங்கலை.”

“இல்லக்கா.”

“எனக்குத் தெரியும். தூங்குறவன் மூச்சு அப்படி இருக்காது. புதுசா வந்தவன், புழுக்கத்துல தூக்கம் வரலைன்னு நெனச்சேன். அதான் ஃபேனைத் திருப்பி வெச்சேன்.”

மன்னிப்புக் கேட்பதற்கு அவர்கள் மொழியில் எனக்கு மூன்று சொற்கள் தெரியும். காலில் மிதித்துவிட்டால் சொல்வது, தாமதமாக வந்தால் சொல்வது, பெரியவர்களுக்கு எழுத்தில் எழுதுவது. மூன்றாவதைச் சொன்னேன்.

“சரி” என்றார். “லேபிள்ல கடைசி வரி வெட்டுப்படுது. மாவட்டத்தோட பேர் பாதிதான் விழுது. அதைச் சரி பண்ணிக் குடு.”

அன்றைக்கே சரி செய்து அனுப்பினேன். டெட்டுக்குப் பத்து நாள் முன்பு எங்கள் அலுவலகத்துக்கு அந்த ஆலையிலிருந்து இரண்டு காலண்டர்கள் வந்தன, இரண்டும் சிவப்பு அட்டை. அந்துவானுக்கு வந்த உறையில் நேர்த்தியாக அச்சிட்ட லேபிள். கடைசி வரி முழுதாக விழுந்திருந்தது. எனக்கு வந்த உறையில் லேபிள் இல்லை. முகவரியை லான் கையால் எழுதியிருந்தார். என் பெயரை அவர் அந்தப் பட்டியலில் ஏற்றவே இல்லை.